பெமிலா காருக்குப் பால் பூசிய நாள்

கார் நின்ற கோலத்தைக் கண்டு பெமிலா போட்ட கூப்பாட்டில், வீட்டை ஒட்டிய ரப்பர் விளைக்குள் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த அன்னக்கிளி கத்தியும் கையுமாக ஓடி வந்தாள். பாம்புதான் என்று வழியிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

"எங்கக்கா? எங்க கெடக்கு?"

"பாம்பா இருந்தா அடிச்சுப் போட்டிருக்க மாட்டனா? இஞ்ச பாரு பிள்ளே. இத நான் என்ன செய்ய!"

அன்னக்கிளி பார்த்தாள். போர்ட்டிகோவில் நின்ற கருஞ்சிவப்புக் கார் முழுக்க வெள்ளைப் புள்ளி. கூரையில், பானெட்டில், கதவுகளில் என்று ஓரிடம் பாக்கியில்லை. அம்மை போட்ட பிள்ளை மாதிரி நின்றது வண்டி. நேற்றுச் சாயங்காலம் பெயின்டர் சிஜின் எமல்ஷன் அடித்துவிட்டுப் போன சீலிங் மட்டும், எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் மேலே பளீரென்று இருந்தது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் பெமிலா இரண்டு திட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இன்றைக்குப் பார்த்தா இது நடக்க வேண்டும்? ஓமனில் ட்ரெய்லர் லாரி ஓட்டும் அவள் வீட்டுக்காரன் ஜாஸ்பர் இரண்டு வருடம் கழித்து இன்று மாலை திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறான். அவனைக் கூட்டிவர இந்தக் காரை ஓட்டிப் போவது யார் என்பதில் வீட்டார் நினைப்பு ஒன்று, பெமிலாவின் நினைப்பு வேறொன்று.

ஜாஸ்பரின் அண்ணன் ஜெயசிங் ஓட்டிப் போவார், பெமிலா மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு பின்சீட்டில் போவாள் என்பது வீட்டார் நினைப்பு. போன லீவில் வாங்கிய வண்டி அது. திரும்பிப் போகும்போது ஜாஸ்பரே அதற்கு வெள்ளிக் கலரில் கவர் போட்டு மூடிவிட்டு, "நீ தொடாண்டாம், கேட்டியா? அண்ணன் வாரம் ஒருக்க ஸ்டார்ட் பண்ணி வைப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். பெமிலா தலையை ஆட்டினாள். தலையை ஆட்ட லைசென்ஸா வேண்டும்? அடுத்த மாதமே ரெஜிஷாவின் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸும் எடுத்துவிட்டாள். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போகிறேன் என்பதுதான் வெளியே சொன்ன காரணம். "பெமிலாவுக்கு இப்பம் நல்ல பக்தி வந்திருக்கு" என்று ஜெயசிங் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். சங்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தி வாயைத் திறக்க வேண்டுமே!

ஜாஸ்பரை நினைத்தால்தான் அவளுக்குக் கொஞ்சம் உதறல். அவனுக்கு ஒரு வியாதி உண்டு. வேறு யார் ஓட்டினாலும் அவனுடைய வலதுகால் சும்மா இருக்காது. இடது சீட்டில் இருந்துகொண்டு, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தள்ளுவான். கண்ணை மூட மாட்டான், பிறரையும் மூட விட மாட்டான். கல்யாணத்தன்று சபைக் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்த டாக்ஸியில், மாப்பிள்ளை ஊன்றிய ஊன்றலில் கால்மிதி சுருண்டே போயிற்று. அப்பேர்ப்பட்டவனை, பெண்டாட்டி ஓட்டும் வண்டியில் ஏற வைத்து, குலசேகரம் வீடு வரை கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது பெமிலாவின் வைராக்கியம். இந்த அம்மைப்புள்ளி வண்டியைக் கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? சாவிக்குக் கையை நீட்டுவான். அத்தோடு எல்லாம் முடிந்தது.

இத்தனைக்கும் தப்பு அவளுடையதுதான். நேற்றுச் சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. மூடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பெமிலா ஒரே ஓட்டமாக வந்து காரின் கவரை உருவிக்கொண்டு போய் ஷீட்டின் மேல் போட்டுவிட்டாள். ரப்பர் வைத்திருக்கும் யாரும் அதைத்தான் செய்வார்கள். மழை வருகிற நேரத்தில் அவர்களுக்கு ஷீட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. மழையோ நாலு துளி போட்டுவிட்டு நாகர்கோவில் பக்கம் போய்விட்டது. காற்று மட்டும் நின்று அடித்தது. கரண்டும் போனது. அந்த அரை இருட்டில்தான் சிஜின் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

சிஜின் காலையில் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன், காரைப் பார்த்ததும் தலையில் கைவைத்து நின்றுவிட்டான்.

"எக்கா, நான் பேப்பர் விரிச்சுட்டுத்தான் அடிச்சேன். காத்து பேப்பர எடுத்து அங்கோட்டுக் கொண்டுபோயிட்டு போலிருக்கு. சீலிங்கப் பாத்து ரோலர் உருட்டுதவன் கீழ எங்க பாக்க?"

"இருந்து கத பேசாத. இத எடுக்க வழியுண்டா, சொல்லு."

"ஈரமா இருந்தா துணி நனைச்சுத் தொடைக்கலாம். ராத்திரி முழுக்கக் காஞ்சு பிடிச்சாச்சே!"

மூன்று பேருமாக வண்டியைத் தள்ளி முற்றத்து வெயிலில் நிறுத்தினார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். புள்ளிகள் குளித்துவிட்டு இன்னும் வெள்ளையாகச் சிரித்தன. பெமிலா நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். வந்தது. நல்ல வேளையாக, கணவன் கண்ணுக்கு மின்ன வேண்டும் என்று போன வாரம் முழுக்க வண்டிக்கு மெழுகுப் பாலிஷ் போட்டுத் தள்ளியிருந்தாள். அதனால் பெயின்ட் ஆழப் பிடிக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான புள்ளியை நகத்தால் சுரண்டி முடிக்க அடுத்த லீவுதான் ஆகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்காவது கிளம்பினால்தான் விமானத்துக்குச் சரியாக இருக்கும்.

பால் எடுக்கும் நேரம் வந்துவிட்டதால் அன்னக்கிளி வாளியோடு விளைக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஜெயசிங் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் வியர்வை ஒற்றும் கைலேஞ்சி என்று ஏர்போர்ட்டுக்குப் போகத் தயாராகிவிட்டார். தக்கலையில் சர்க்கார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எது நடந்தாலும் அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததாகச் சொல்வது அவருக்கு வழக்கம்.

"நான் அன்னைக்கே பறஞ்சேன். வண்டி எனக்க வீட்டுல நிக்கட்டும்னு பறஞ்சேனா இல்லியா? காருக்க கவர எடுத்து ஷீட்டுக்குப் போட்டவ இந்த ஊரிலேயே நீ ஒருத்திதான் இருப்ப."

"அத்தான், இப்பம் அதப் பேசி என்ன காரியம்?"

"இதொரு பெரிய காரியமே இல்ல. தின்னர் எங்கலே சிஜினு?"

பெமிலா 'வேண்டாம்' என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், ஜெயசிங் தின்னரில் நனைத்த துணியை டிரைவர் பக்கக் கதவில் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டார். புள்ளி போனது. கூடவே அந்த இடத்தின் மினுக்கமும் போனது. சந்தனப் பொட்டு அளவுக்கு ஒரு மங்கல் அங்கே நிரந்தரமாகக் குடியேறியது. பெமிலாவுக்கு வந்த ஆத்திரத்தில் குப்பியைப் பிடுங்கி மூடியை இறுக்கி, தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

"நீங்க அந்த நாற்காலியில போய் இரிங்க அத்தான். சாயா போட்டுத் தாறேன். வண்டியத் தொடாதங்க."

"அப்பம் ஒண்ணு செய்வோம். இத இஞ்சயே போட்டுட்டு எனக்க வண்டியில போவோம்."

அவருடைய வண்டியென்றால் அவர்தான் ஓட்டுவார். அவள் பின்சீட்டில்தான்.

அந்த நேரத்தில்தான் அன்னக்கிளி பால்வாளியோடு திரும்பி வந்தாள். மங்கல் பட்ட இடத்தைப் பார்க்கிறேன் என்று குனிந்தவளின் முழங்கையிலிருந்து ரப்பர்பால் வழிந்து மட்கார்டில் சொட்டியது. "ஐயோ, இதுவும் ஆச்சா!" என்று பெமிலா படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுதால் ஜெயசிங் ஜெபம் பண்ணத் தொடங்கிவிடுவார் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

சாயா கொடுத்து முடித்து அவள் திரும்பி வந்தபோது மட்கார்டில் சொட்டிய பால் வெயிலில் காய்ந்து தோலாகியிருந்தது. ரப்பர் ஊரில் காய்ந்த பாலைக் கண்டால் கை சும்மா இருக்காது. கையிலோ துணியிலோ வாளி விளிம்பிலோ எங்கே ஒட்டியிருந்தாலும் உரித்துவிட்டுத்தான் மறுவேலை. பெமிலாவும் யோசனையில்லாமல் விரல்நுனியால் ஓரத்தைச் சுருட்டி இழுத்தாள். சுர்ரென்று உரிந்து வந்தது.

தோலின் அடியில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தன.

பெமிலா தோலைப் பார்த்தாள். மட்கார்டைப் பார்த்தாள். பால் சொட்டிய இடம், கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோல், சிவப்பாக மின்னியது.

"அன்னக்கிளீ!"

இந்தக் கூப்பாடு காலையில் போட்டதைவிடப் பெரிது. அன்னக்கிளி இந்த முறையும் பாம்பென்றுதான் நினைத்தாள்.

"இன்னைக்கு எடுத்த பால் எவ்வளவு இருக்கு? உறை ஊத்திட்டியா?"

"இல்லக்கா, ஆசிட் இன்னும் சேர்க்கல. வாளியில அப்பிடியே இருக்கு."

"கொண்டா! எல்லாத்தையும் கொண்டா! சிஜினே, புது ரோலர் இருக்கா? பிரஷ்? கண்ணாடி, ரப்பர் பீடிங் எல்லாத்துக்கும் அந்த டேப்ப ஒட்டு. வெளக்குலயும் ஒட்டு. சட்டுபுட்டுன்னு ஆவட்டும்!"

அன்னக்கிளி வாளியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எக்கா, ஒரு நாள் பால் முழுசும் போவுமே!"

"போனா போட்டு!"

பாலைத் துணியில் அரித்து, சிஜின் அதில் ரோலரை முக்கினான். பானெட்டில் முதல் இழுப்பு இழுத்துவிட்டு ரோலரைத் தூக்கிப் பார்த்தான். "எக்கா, இவ்வளவு காலமும் நான் சுவருக்காக்கும் அடிச்சேன். காருக்கு, அதுவும் பாலு... எனக்குப் பயமா இருக்கு, ஆனா நல்ல ரசமாவும் இருக்கு" என்றான். கூரை, பானெட், கதவுகள் என்று ஒரு பூச்சு. அது இறுகியதும் அதன்மேல் இன்னொன்று. கருஞ்சிவப்பு மறைந்தது, புள்ளி மறைந்தது, முற்றத்தில் பால்வெள்ளையாக ஒரு வண்டி நின்றது.

ஜெயசிங் சாயாக் கோப்பையோடு எழுந்து வந்தார். "சிலைக்குப் பால் ஊத்துதது கேட்டிருக்கேன். காருக்குப் பால் ஊத்துதத இப்பந்தான் பாக்கேன். பிள்ளே, ஜாஸ்பர் வந்து கேட்டா, நான் இந்த வழிக்கே வரல்லன்னு சொல்லிரு."

இனி வெயில்தான் வேலை செய்ய வேண்டும். வெயிலும் செய்தது. ஓரங்களில் பால்நிறம் மாறித் தேன்நிறம் வரத் தொடங்கியது. அடியில் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. பெமிலா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஊதினாள், விசிறினாள், விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்போது சிஜின் மேலே கையைக் காட்டினான். பேச்சிப்பாறை மலைக்குமேல் கரு கருவென்று ஒரு மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. காயாத பாலில் மழை விழுந்தால் முற்றம் முழுக்கப் பாலாறு ஓடும். ஓடியது போக மிச்சம் வண்டியில் சேறாகப் பிடித்துக் கிடக்கும். கவர் போடவும் முடியாது, ஒட்டிக்கொள்ளும்.

ஐக்கிய சங்கத்தின் பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றிய அத்தனை நாளுக்கும் சேர்த்து பெமிலா அப்போதுதான் உண்மையாக ஜெபித்தாள். "கர்த்தாவே, நாலு துளிகூட வேண்டாம். நேற்றைக்கு வந்தது போதும்."

மேகம் விளைக்கு மேலே வந்து கொஞ்ச நேரம் நின்றது. வெயில் மறைந்தது. பிறகு என்ன நினைத்ததோ, அது அருமனைப் பக்கமாக நகர்ந்து போனது. மறுபடி சுள்ளென்று வெயில் அடித்தபோது நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூவினார்கள். நாலாவது ஆள் ஜெயசிங்தான்.

பானெட்டின் மூக்கில் பெமிலா ஓரத்தைச் சுருட்டினாள். முதல் துண்டு சின்னதாகக் கிழிந்தது. இன்னும் கொஞ்சம் அகலமாகச் சுருட்டி, இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல இழுத்தாள். வந்தது! பலா இலை அகலத்துக்கு வந்தது. பிறகு முறத்தளவு வந்தது. பிறகு பானெட் பாதியே ஒரே தோலாகக் கிழியாமல் கையோடு வந்தது. அடியில் நேற்றைய புள்ளியெல்லாம் வரிசையாக ஒட்டிக்கொண்டு ஒன்று பாக்கியில்லாமல் வெளியேறியது.

"வருது பிள்ளே, வருது! இஞ்ச பாருங்க!"

அன்னக்கிளி ஒரு கதவைப் பிடித்தாள், சிஜின் இன்னொன்றை. ஜெயசிங்கால் பொறுக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மாறுல! கூரை எனக்காக்கும்" என்று சிஜினைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் ஏறிவிட்டார். அவர் இழுத்த இழுப்பில் கூரைத்தோல் ஒரே விரிப்பாக வந்து அவர் தலையிலேயே விழுந்தது. வெள்ளைச் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்ற மனிதர், அறுபது வயதை மறந்து சிரித்தார். "கொள்ளாம்! பெமிலா, நீ கொள்ளாம்!" அவர் வாயிலிருந்து அப்படியொரு பாராட்டை அவள் அதுவரை கேட்டதில்லை.

இடுக்குகளில் நின்ற மிச்சத்தை ஈரத்துணியால் உருட்டி எடுத்து, ஒரு முறை கழுவித் துடைத்தபோது, கார் பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பெண்ணைப்போல் நின்றது. டிரைவர் கதவில் அந்தச் சந்தனப் பொட்டு மங்கல் மட்டும் பாக்கி.

பெமிலா ஓடிப்போய்ப் புடவை மாற்றி வந்தாள். ஜெயசிங் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சாவியக் கொண்டா பிள்ளே. நேரம் போச்சு."

பெமிலா சாவியைக் கொடுக்கவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், பெல்ட் போட்டாள், வண்டியைப் பின்னுக்கு எடுத்தாள். பலாமரத்துக்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே, சிஜின் இன்னும் பெயின்ட் அடிக்காத கேட்டுக்குள் புகுந்து, ரோட்டில் ஒரே திருப்பில் நேராக நிறுத்தினாள். அன்னக்கிளி கைதட்டினாள்.

ஜெயசிங் நீட்டிய கையை மடக்க மறந்து அப்படியே நடந்து வந்தார். "இதெல்லாம் எப்பம் படிச்ச?"

"ஐக்கிய சங்கத்துல, அத்தான்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முன்கதவைத் திறக்கப் போனவர், கையை எடுத்துப் பின்கதவைத் திறந்தார். "நான் இதுல இருந்தே வாறேன். ஜெபம் பண்ண வசதியா இருக்கும்." களியக்காவிளை வரை சத்தமாக ஜெபித்தார். பாறசாலையில் மனதுக்குள் ஜெபித்தார். நெய்யாற்றின்கரை தாண்டியதும், வழியில் இறங்கி ஒரு சாயா குடித்தால் என்ன என்று கேட்டார்.

ஏர்போர்ட்டில் ஜாஸ்பர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். இளைத்திருந்தான், நரைத்திருந்தான். பெமிலாவைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த பார்வை வண்டிக்குப் போனது. பெட்டியை விட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"அண்ணே, நல்லா வச்சிருக்கிய! என்ன இப்பிடி மின்னுது?" டிரைவர் கதவில் அவன் விரல் நின்றது. "இது என்ன?"

ஜெயசிங் ஆகாயத்தில் எதையோ தேடினார். "அது அண்ணனுக்க கைவேல. மிச்சமெல்லாம் எனக்க கைவேல" என்று சொல்லிவிட்டு பெமிலா உள்ளே ஏறிவிட்டாள். ஜாஸ்பர் சாவிக்குக் கையை நீட்டியபோது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"இடப்பக்கம் ஏறுங்க."

"நீயா? அண்ணே, என்ன இது?"

"ஏறுலே" என்றார் ஜெயசிங். "நான் இஞ்சவரை அவ கூடத்தான் வந்தேன். பாத்தியா, உசிரோட நிக்கேன்."

ஜாஸ்பர் தன் சொந்தக் காரில் முதல் தடவையாக இடது சீட்டில் ஏறினான். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். உடனே வலதுகால் வேலையைத் தொடங்கிவிட்டது. சிக்னலில் மிதித்தான், வளைவில் மிதித்தான். "கியர மாத்து. அங்கோட்டு ஒதுக்கு. அவன விடு, போட்டு." பெமிலா "சரி" என்றாள், தன் பாட்டுக்கு ஓட்டினாள். அன்னக்கிளியின் முழங்கையிலிருந்து தொடங்கிப் பால் கதையைச் சொன்னாள். அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே மிதித்தான். பாலராமபுரம் சந்தியில் ஒரு பஸ் குறுக்கே புகுந்தது. ஜாஸ்பரின் கால் தடாலென்று தரையில் இறங்கியது. அதற்கு முன்பே பெமிலாவின் கால் பிரேக்கில் இருந்தது. வண்டி அலுங்காமல் நின்றது. அவன் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அதன் பிறகு பேச்சு குறைந்தது. பாறசாலை பக்கத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். கோபமோ என்று பெமிலாவுக்குத் திக்கென்றது. திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை. களியக்காவிளை நெரிசலில் வண்டி ஊர்ந்தபோதுதான் மெல்லத் திரும்பினாள்.

ஜாஸ்பர் தூங்கிக்கொண்டிருந்தான். தலை பெல்ட்டில் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. பாலைவனத்து ரோடெல்லாம் கண்ணை மூடாமல் ஓட்டியே பழகிய மனிதன், சின்னக் குறட்டையோடு தூங்கினான். அவனுடைய வலதுகால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, விரலெல்லாம் தளர்ந்து, நீட்டிக் கிடந்தது.

பெமிலாவுக்குக் கண் நிறைந்தது. சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கண்ணாடியை இறக்கி களியக்காவிளைச் சந்தை முழுக்கக் கேட்கும்படி கூவ வேண்டும், ஆட்டோக்காரன், மீன்காரி, போலீஸ்காரன் எல்லாரையும் கூப்பிட்டு இந்தக் காலைப் பாருங்கள் என்று காட்ட வேண்டும். ஆனால் கூவினால் அவன் விழித்துக்கொள்வானே!

முன்னால் ஒரு பஸ் வழியை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. பின்சீட்டிலிருந்து ஜெயசிங் பொறுமையிழந்தார்.

"ஹாரன அடி பிள்ளே! அடிச்சுட்டு ஏறிப் போ!"

"ஷ்ஷ்" என்றாள் பெமிலா. ஹாரன் பக்கமே கையைக் கொண்டுபோகாமல், மார்த்தாண்டம் வரை அந்த பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள்.